உன் முதல் வாக்குக்கு முன்னால்

மனே,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ போனில் கூப்பிட்டுவிட்டாய். முகமெல்லாம் சிரிப்பு. பெரியதொரு கடித உறையைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்து, "அம்மா, பாருங்க, எனக்கும் வோட்டு வந்திட்டு" என்றாய். சுவிஸ் பிரசையான பிறகு உனக்கு வந்த முதல் வாக்கு. அங்கே வாக்குச்சாவடிக்கே போகத் தேவையில்லையாம். வீட்டு மேசையில் இருந்து, கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உன் கையாலேயே எழுதி, தபாலில் போட்டால் போதுமாம். பொலிஸ்காரர் பார்த்திருக்க வரிசையில் நின்று, விரலில் மை பூசிப் புள்ளடி போட்டுப் பழகிய எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. என் பிள்ளையிடம் ஒரு நாடு அபிப்பிராயம் கேட்கிறது என்று நினைத்தேன். அந்தச் சந்தோசத்தில்தான், "என்னத்துக்காம் இந்த வோட்டு?" என்று கேட்டேன்.

"அகதிச் சட்டத்த இறுக்கிறதுக்கு அம்மா. எஃப் விசாவ நிப்பாட்டப் போறாங்க. நான் ஓம் எண்டுதான் எழுதப் போறன்" என்றாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வாறவங்க எங்களப் போல இல்ல அம்மா. முக்காவாசிப் பேர் பொய் சொல்லிக்கு வாறாங்க. எங்கட பேரும் சேர்ந்து கெட்டுப்போகுது" என்றாய். உன் தம்பி ஜீவா அப்போது குசினி வாசலில் நின்றான். உன் திரையில் அவன் விழவில்லை. "சரி மனே, மறுகா கதைப்பம்" என்று நான் போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் இந்தக் கிழமை முழுவதும் என்னை உண்ணவிடாமல் செய்வது கோபமல்ல, பயம். அந்தச் சொல் உன் கையெழுத்தில் எழுதப்படப் போகிறதே என்ற பயம். போனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டு வசனம் சொல்ல நீ மூன்றாவதை வெட்டிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம் அது. எழுத்தில் என்னை இடைமறிக்க உன்னால் ஏலாது. இதை உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலரில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன்னைப் போன்ற மகன்மார் நம் ஊர்க் கல்லாற்றில் பல வீடுகளுக்கு இருக்கிறார்கள். உன் மகளும் வளர்ந்து ஒருநாள் வாசிக்கட்டும். அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கி எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குரியது. ஆண் பிள்ளை கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். உன் அப்பாவும் அப்படித்தான் மண்டூரில் இருந்து வந்தார். குருமண்வெளித் துறைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் வாவிக்குக் குறுக்கே ஏற்றி வரும் மிதவையில், நாங்கள் பாதை என்று சொல்வோமே, அதில் ஒரு சூட்கேசும் அவருடைய வயல் வட்டையில் விளைந்த ஒரு மூட்டை அரிசியுமாக வந்து இறங்கினார். முதல் ஒரு வருடம் அவர் இந்த வீட்டில் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் சாப்பிட்டுவிட்டு நல்லாயிரிக்கு என்பார். மெல்ல மெல்ல வேலி அடைப்பதும் கூரை மேய்வதும் அவர் பொறுப்பாயிற்று. பிறகு இது அவருடைய வீடாகவே ஆகிவிட்டது. இங்கே எல்லா ஆம்பிளைகளுடைய கதையும் இதுதான். அதனால்தான் நீ புறப்பட்ட அன்று நான் பெரிதாக அழவில்லை. ஆண் பிள்ளை எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவன்தானே, இவன் சற்றுத் தூரமாகப் போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "போற இடத்தில அடங்கி நட மனே. அது அவங்கட வீடு. மறுகா உன்ட வீடாகும்" என்று சொல்லி அனுப்பினேன்.

நீ அதை அப்படியே செய்தாய். ஆனால் நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். உன் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு சித்தப்பா வந்தாரல்லவா, அவர்களுக்குக் கட்டின வீடு முடியும்வரை இங்கேதான் இருந்தார்கள். அந்த மாதங்களில் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிணற்றடியில் சித்தப்பா அதிக நேரம் நிற்கிறாராம், பேப்பரை முதலில் எடுத்து மடிப்பைக் குலைக்கிறாராம், சாய்வு நாற்காலியில் இருக்கிறாராம். ஒருநாள் பொறுக்க முடியாமல் என்னிடம் வந்து, "இவர் எப்பயாம் தன்ட வீட்டுக்குப் போறது?" என்றார். "இஞ்சேருங்க, நீங்க எப்ப போறீங்க?" என்று நான் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே சிரித்துவிட்டு, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு இறாலுக்கு வலை வீசப் போனார். மனே, நீ அந்த உறையைக் காட்டியபோது எனக்கு உன் அப்பாவின் அந்த முகம்தான் தெரிந்தது. அவரிடம் நான் கேட்டதை உன்னிடம் கேட்க வாய் வரவில்லை.

நீ அங்கே போன புதிதில் உனக்கு என்ன இருந்தது? எஃப் விசா. அகதி என்று ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, நிலைமை சரிவரும்வரை இருந்துவிட்டுப் போ என்கிற கடதாசி. அந்தக் கடதாசியில்தான் நீ உணவகத்தில் கோப்பை கழுவினாய், அவர்களுடைய பாசை படித்தாய், பிறகு அடுப்படிக்கு ஏறினாய், கல்யாணம் கட்டினாய். அந்த நாட்டில் ஆட்களிடம் கையெழுத்துச் சேர்த்தால் எதையும் வாக்குக்குக் கொண்டுவரலாம் என்று நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். அப்படி யாராவது கையெழுத்துச் சேர்த்து உங்களைப் பற்றி வாக்கெடுப்பு வைக்கும் ஞாயிறுகளில் நீ கூப்பிடும் குரலே வேறு. "அம்மா, இந்த முறை தப்பிச்சம்" என்பாய். சில முறை, "இறுக்கிப்போட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாய். தபாலில் இதே போன்ற உறைகள் வீடு வீடாகப் போன நாட்களில், எந்த வீட்டு மேசையில் யார் உன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் நீ பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாய்.

பிரசாவுரிமைக்கு உன் பெயர் ஊர்க்கூட்டத்துக்குப் போன கதையையும் நான் மறக்கவில்லை. உன்னை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே கை உயர்த்தினார்களாம். கதவுக்கு வெளியே கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன் என்று சொன்னாய். வெதுப்பகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்தான் முதலாவதாகக் கையைத் தூக்கினாள் என்று பிறகு யாரோ சொன்னார்களாம். அவள் உன்னிடம் பாண் விற்றதைத் தவிர உன்னைப் பற்றி என்ன அறிந்திருப்பாள்? அந்த முகம் தெரியாத மகளுக்காக நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

இனி உன் தம்பியைப் பற்றி எழுத வேண்டும். நீ கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அண்ணனுக்குக் கவலை வேண்டாம் என்று நானே மூடி மறைத்துக்கொண்டேன்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகும் அவனைத் தேடி இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். விசாரிக்க வேண்டும் என்பார்கள், என்ன விசாரணை என்று சொல்லமாட்டார்கள். சுவிஸுக்குப் போகும் பாதை அப்போது அடைபட்டிருந்தது. வாழைச்சேனையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் போகிறது என்றார்கள். மீன்பிடி வள்ளம். உனக்குச் சொன்ன அதே புத்தியைத்தான் அவனுக்கும் சொன்னேன், சொல் மாறாமல்.

அவன் கடலில் இருந்தபோது அந்த நாட்டில் தேர்தல் காலம். அங்கே இரண்டு பெரிய கட்சிகள். எந்தக் கட்சி கடலை இறுக்கி மூடும் என்பதில்தான் போட்டி. ஒருவர் ஒரு பூட்டுப் போடுவேன் என்றால் மற்றவர் இரண்டு பூட்டு என்பார். அந்தப் போட்டியில் ஆட்சியில் இருந்த தலைவர் ஒருநாள் எழுந்து, இனிமேல் வள்ளத்தில் வரும் ஒருவருக்கும் எங்கள் நாட்டில் இடமே இல்லை என்று அறிவித்தார். முந்தி வந்தவர்களுக்கு ஒரு சட்டம், பிந்தி வருகிறவர்களுக்கு வேறு சட்டம். நான் அதை வானொலியில் கேட்டேன். அரிவாள்மனையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. என் பிள்ளை அதே வள்ளத்தில் அதே திசையில் போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கீழே சட்டம் மாறிவிட்டது. அதைச் சொல்லி அவனைத் திருப்பிக் கூப்பிட உலகத்தில் ஒரு வழியும் இல்லை. இப்போதும் வாவியில் வள்ளச் சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் காலை நேரம் திரும்பி வருகிறது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொள்கிறேன்.

கரை தொட்டவனைத் தூக்கி, எங்கோ இருந்த ஒரு ஏழைத் தீவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவு வேறு நாடு. அவுஸ்திரேலியா அந்த நாட்டுக்குக் காசு கொடுத்து, தன்னிடம் வந்தவர்களை அங்கே அடைத்து வைத்தது. பிறகு தேர்தல் நடந்தது, கட்சி மாறியது, வேறு தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். தீவு மட்டும் மாறவில்லை. அதைத் திறந்துவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று இரண்டு பக்கத்துக்கும் பயம். மற்றப் பெடியன்கள் கூரையில் ஏறிக் கத்தினார்களாம், சாப்பிடாமல் கிடந்தார்களாம். அவர்களைப் பற்றியாவது பேப்பரில் வந்தது, சிலரை வைத்தியத்துக்கென்று கரைக்கு எடுத்தார்கள். ஜீவா கத்தவில்லை. அவன் அம்மா சொன்னபடி அடங்கி நடந்தான். அடங்கி நடந்தவனை யார் திரும்பிப் பார்ப்பார்? மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குச் சொல்லும் புத்தியைச் சிறைக்குப் போன பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினவள் நான்.

அப்பா படுக்கையில் விழுந்ததும் அவன் திரும்பிப் போகச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தான். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உன்னாலும் வர முடியவில்லை. இரண்டு மகன்மாரைப் பெற்ற மனிசனுக்குச் சித்தப்பாதான் மண் போட்டார்.

இப்போது அவன் இங்கே என்னோடு இருக்கிறான் என்று நீ ஆறுதலாக நினைக்கிறாய். இருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை, மனே. விடிய எழுந்து வேலிப் படலையடிக்குப் போய் உள்பக்கமாக நிற்பான். முதலில் யாருக்கோ காத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அது பூட்டாத படலை, கொளுக்கிகூட இல்லை. ஒருநாள் நான் போய்த் திறந்துவிட்டேன். "தாங்க்யூ மிஸ்" என்று இங்கிலிஸில் சொல்லிவிட்டு வெளியே போனான். என்னிடம் சொன்னான், தன் தாயிடம். மாலையில் குறித்த ஒரு நேரத்துக்கு, என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். அது அங்கே ஆள் எண்ணும் நேரமாம். வந்த வள்ளத்தின் எழுத்தும் ஒரு இலக்கமும்தான் அங்கே அவனுக்குப் பெயர். நான் ஜீவா என்று கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புவான்.

பாடசாலையில் நான் இத்தனை காலமும் குடியியல் படிப்பித்தேன். மக்களாட்சி என்றால் மக்கள் தங்களைத் தாங்களே ஆள்வது என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். அது பொய்யென்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாக்கில்லாதவனைப் பற்றி வாக்குள்ளவர்கள் முடிவு செய்யும்போது அவனுக்காக யார் பேசுவது? உன் நாட்டில் சனமே நேரில் எழுதி முடிவு செய்கிறது. தம்பி போன நாட்டில் சனத்துக்குப் பயந்து கட்சிகள் முடிவு செய்கின்றன. முறைகள் வேறு வேறுதான். இரண்டிலும் அகதி கதவுக்கு வெளியேதான் நிற்கிறான். அவனைத் தள்ளிவிட்டால் ஒரு வாக்கும் குறையாது, சில வேளை கூடும். எந்த அரசியல்வாதிக்கும் இதைவிட லேசான வேலை உண்டா?

நம்முடைய நாடு திறம் என்று சொல்ல வரவில்லை. பர்மாவிலிருந்து தப்பி வந்த முஸ்லிம் சனங்களின் வள்ளமொன்று வடக்கே கரையொதுங்கியதைச் செய்தியில் காட்டினார்கள். மீன்பிடிக்காரர் சோறும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சனத்தை எங்கே வைப்பது, அனுப்புவதா விடுவதா என்று மேலே இருப்பவர்கள் வாயால் சொல்வதுதான் சட்டம். அகதிக்கென்று இங்கே ஒரு சட்டமே இல்லையாம். இத்தனை இலட்சம் பேரை உலகம் முழுக்க அகதியாக அனுப்பிய நாட்டில், வந்த அகதிக்கு ஒரு சட்டம் இல்லை. காத்தான்குடியிலிருந்து வீட்டுக்கு வீடு துணி விற்க வருகிற பாத்திமா அன்றைக்கு என்னோடு இருந்து பார்த்தா. "அல்லாவே, புள்ளைகளப் பாருங்க டீச்சர்" என்று அழுதா. ஜீவா அழவில்லை. தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய், குந்தியிருந்த அந்தச் சனத்தைப் பார்த்துவிட்டு, "இனி நம்பர் குடுப்பாங்க" என்றான்.

நீ சொல்வது முழுவதும் பிழை என்று நான் வாதாடவில்லை. பொய் சொல்லி வருகிறவர்கள் இருப்பார்கள். உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்த இரண்டொரு வசனத்தை நீயும் உன் கதையோடு சேர்த்துத்தான் சொன்னாய், அதை நாங்கள் இரண்டு பேரும் அறிவோம். அந்த இரண்டு வசனம் பொய்யென்பதால் உன்னைத் தேடி ஆட்கள் வந்தது பொய்யாகிவிடுமா? பொய்யைக் கண்டுபிடிக்க விசாரிக்கட்டும், நன்றாக விசாரிக்கட்டும். அதற்காக, நீ நின்று மூச்செடுத்த அந்த ஒரு சின்ன இடத்தையும், அந்த எஃப்பையும், இல்லாமல் செய் என்று நீயே எழுதிக்கொடுக்கப் போகிறாயா? சுவிஸ்காரன் ஒருத்தன் எழுதினால் அவனுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவேன். உனக்குத் தெரியும்.

எனக்கு வயது போகிறது. முழங்கால் நோவில் ஆராதனையில் முழங்காலிட முடிவதில்லை, இருந்தபடிதான் ஜெபிக்கிறேன். எனக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பது என்ற கவலையும் இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ அந்தச் சொல்லை எழுதக்கூடாது. இது புத்திமதி இல்லை, அம்மா கெஞ்சுகிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, ஜீவாவைக் கூப்பிட்டு, "அண்ணாக்கு எழுதுறன் மனே, நீயும் ஏதும் சொல்லு" என்றேன். அண்ணா நாட்டில் வோட்டு எதற்கென்று தனக்கு விளங்கியது என்றான். பிறகு கேட்டான்:

"அங்க தீவு இரிக்கா அம்மா?"

"இல்ல மனே. அங்க கடலே இல்ல."

அதை அவன் நன்றாக யோசித்தான். யோசித்துவிட்டு, என்னை ஆறுதல்படுத்துகிறவன் குரலில் சொன்னான்: "அப்ப வேற ஆரிட்டயும் காசு குடுத்து வாங்குவாங்க."

அப்படியெல்லாம் நடக்காது, அண்ணா விடமாட்டான் என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லலாமா மனே? அந்த உறையை ஒட்டுவதற்கு முதல் எனக்குச் சொல்.

அம்மா
பெரியகல்லாறு